வீட்டு சோலாருக்கு லித்தியம் பேட்டரி: வாங்குவதற்கு முன்பும் மாட்டும்போதும்

மாடியில் சோலார் போட்ட பலருக்கு முதல் மின்தடை அன்றுதான் இந்த விஷயம் தெரியவருகிறது. வெயில் கொளுத்துகிறது, மேலே 3 கிலோவாட் பேனல் இருக்கிறது, கீழே ஃபேன் ஓடவில்லை. மின்வாரிய லைனோடு இணைந்த ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியர் மேல் உங்கள் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை கிடைக்கும் மானியமும் பேனலின் அளவை வைத்துத்தான். பேட்டரிக்கென்று அதில் தனிப் பணம் இல்லை. ஆகவே பேட்டரி முழுக்க உங்கள் கைக்காசு. அதனால்தான் அவசரப்படாமல் வாங்கச் சொல்கிறேன்.

முதலில் பேட்டரி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சும் சோலார் கரண்ட்டை மின்வாரியத்துக்குக் கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்ள உதவும் நெட் மீட்டர் இருக்கிறது, கரண்ட் எப்போதாவதுதான் போகிறது என்றால், பில்லைக் குறைப்பதற்காக மட்டும் லித்தியம் பேட்டரி வாங்காதீர்கள். போட்ட பணம் திரும்பிவர நெடுங்காலம் ஆகும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை வரை நிறுத்துகிற ஊர், அடிக்கடி லோ வோல்டேஜ் வருகிற தெருக்கோடி வீடு, வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருக்கும் முதியவர், புயல் பாதையில் இருக்கும் கடலோர மாவட்டம் என்றால் கதை வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு டெல்டா கிராமங்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட நாளில் இரண்டு ஃபேனும் ஒரு ஃபிரிட்ஜும் ஓடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

இனி நான் சொல்வது எல்லாம் ஒரு கருத்தைச் சுற்றித்தான். லித்தியம் பேட்டரி பத்து வருஷம் உழைக்குமா, மூன்று வருஷத்தில் படுக்குமா என்பதில் பிராண்டின் பங்கு பாதிதான். மீதியை முடிவு செய்வது அளவு, இடம், ஒயர், செட்டிங் ஆகிய நான்கும். இந்த நான்கும் உங்கள் கையில் இருக்கின்றன.

முதல் படி: உங்கள் வீட்டு ராத்திரியைக் கணக்குப் போடுங்கள்

கடைக்காரர் "எத்தனை ஏ.ஹெச் (ஆம்பியர்-மணி) வேணும் சார்?" என்று கேட்பார். அதற்கு முன்பே ஒரு தாளில் இரவு ஓடும் சாமான்களை எழுதிவிடுங்கள். ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். குறைந்த கரண்ட்டில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி ஃபேன் மூன்று, பத்து மணி நேரம்: 900 வாட்-மணி. 9 வாட் எல்.இ.டி பல்பு ஐந்து, ஐந்து மணி நேரம்: 225. டிவி 60 வாட், மூன்று மணி நேரம்: 180. வைஃபை மோடம் 10 வாட், பன்னிரண்டு மணி நேரம்: 120. ஃபிரிட்ஜ் இரவில் சுமார் 500. கூட்டினால் 1,925 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய 1.9 யூனிட்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பேட்டரியின் டி.சி கரண்ட்டை வீட்டுக்கான ஏ.சி கரண்ட்டாக இன்வெர்ட்டர் மாற்றும்போது பத்து சதவீதம் வரை வீணாகும் என்று வைத்தால் இது 2.14 யூனிட் ஆகும். அத்தோடு இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே கரண்ட் குடிக்கும். பேனல், பேட்டரி, மின்வாரிய லைன் மூன்றையும் சேர்த்து ஓட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இது 30 முதல் 60 வாட். 40 வாட் என்று வைத்தாலும் பன்னிரண்டு மணி நேரத்தில் 480 வாட்-மணி, அதாவது உங்கள் ஃபிரிட்ஜுக்குச் சமம். ஆக 2.6 யூனிட். பேட்டரியை எண்பது சதவீதம் மட்டுமே பயன்படுத்துவோம் என்று முடிவெடுத்தால் 2.6ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும். சுமார் 3.3 யூனிட் வருகிறது.

இந்த எண்ணோடு கடைக்குப் போனால் குழப்பமே இல்லை. 25.6 வோல்ட் 100 ஏ.ஹெச் பேட்டரியில் இருப்பது 2.56 யூனிட். போதாது. 51.2 வோல்ட் 100 ஏ.ஹெச்சில் 5.12 யூனிட். தாராளம். இரண்டின் மேலும் "100 ஏ.ஹெச்" என்றுதான் எழுதியிருக்கும். வோல்ட்டை ஏ.ஹெச்சால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவதுதான் யூனிட். விலையை இந்த யூனிட்டால் வகுத்துப் பார்த்து ஒப்பிடுங்கள்.

இதே வீட்டில் 75 வாட் பழைய ஃபேன்கள் இருந்தால் இரவுக் கணக்கில் 1,350 வாட்-மணி கூடுகிறது. நட்டத்தையும் எண்பது சதவீதத்தையும் சேர்த்துப் பார்த்தால் அதற்காக ஏறக்குறைய 1.9 யூனிட் பேட்டரி அதிகம் வாங்க வேண்டும். மூன்று பி.எல்.டி.சி ஃபேனின் விலை அதைவிட வெகு குறைவு. முதலில் ஃபேனை மாற்றுங்கள், பிறகு பேட்டரி வாங்குங்கள்.

தண்ணீர் மோட்டார், இண்டக்‌ஷன் அடுப்பு, கீசர், அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றை இரவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை பகலில், பேனல் ஓடும்போது ஓடட்டும். ஏ.சி இன்னொரு கதை. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி ஓர் இரவுக்கு ஐந்து, ஆறு யூனிட் எடுக்கும். "ஐந்து யூனிட் பேட்டரியில் ராத்திரி முழுக்க ஏ.சி ஓடும்" என்று யாராவது சொன்னால் கணக்கைக் கேளுங்கள்.

காலி செய்ததை மறுநாள் நிரப்ப பேனல் வேண்டும். நம் ஊரில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது பாதிக்கும் கீழே போகும் நாட்கள் உண்டு. மேலே சொன்ன வீட்டுக்குப் பகல் செலவையும் சேர்த்து 2 கிலோவாட்டாவது இருந்தால்தான் பேட்டரி ஒழுங்காக நிறையும்.

இரண்டாம் படி: எந்த லித்தியம்?

வீட்டுக்கு ஒரே பதில்தான்: எல்.எஃப்.பி எனப்படும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். செல்போனிலும் பல மின்வண்டிகளிலும் இருக்கும் நிக்கல், கோபால்ட் கலந்த வகை எடை குறைவு, சின்னது. ஆனால் அளவு மீறிச் சூடேறினால் அதன் பொருளே ஆக்சிஜனை வெளியிட்டுத் தீயை வளர்க்கும். பாஸ்பேட்டில் ஆக்சிஜன், பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்து கிடப்பதால் அவ்வளவு சுலபமாக வெளியே வராது. சுவரில் மாட்டி வைக்கும் பேட்டரிக்கு எடை ஒரு பிரச்சினையே இல்லை, பாதுகாப்புதான் முக்கியம். இந்தப் பொருளை உலகுக்கு அறிமுகப்படுத்திய 1997ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையில் ஜான் குடினஃபோடு சேர்ந்து எழுதியவர்கள் ஏ.கே. பாதியும் கே.எஸ். நஞ்சுண்டசாமியும். குடினஃபுக்கு 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நஞ்சுண்டசாமி என்ற பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம் என்று எனக்கு எப்போதும் ஒரு ஆதங்கம் உண்டு.

லேபிளைப் பார்த்தே வகையை ஓரளவு கண்டுபிடிக்கலாம். எல்.எஃப்.பி செல் ஒன்று 3.2 வோல்ட். நான்கு செல் 12.8, எட்டு செல் 25.6, பதினாறு செல் 51.2. மற்ற வகை செல் 3.6 அல்லது 3.7 வோல்ட் என்பதால் 50.4, 51.8 போன்ற எண்கள் வரும். சில எல்.எஃப்.பி பேட்டரிகளில் பதினைந்து செல்தான், லேபிளில் 48 வோல்ட் என்று இருக்கும். அதுவும் நல்ல பேட்டரிதான், ஆனால் செட்டிங் மாறும். எத்தனை செல் என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

மூன்றாம் படி: கடையில் பார்க்க வேண்டியவை

6,000 சைக்கிள் (ஒரு தடவை நிரப்பிக் காலி செய்வது ஒரு சைக்கிள்) என்று போட்டிருப்பது 25 டிகிரியில், மிதமான கரண்ட்டில், பரிசோதனைக் கூடத்தில் கிடைத்த எண். வேலூர், கரூர் வெயிலில் அதை எதிர்பார்க்காதீர்கள். வாரண்டி அட்டையை முழுசாகப் படியுங்கள். எத்தனை வருஷம், எந்த வெப்பநிலை வரை, எத்தனை சதவீதம் குறைந்தால் மாற்றித் தருவார்கள், பழுதானால் தூக்கிக்கொண்டு போக வேண்டியது யார் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும். நாற்பத்தைந்து கிலோ பெட்டியைச் சென்னைக்கு அனுப்புங்கள் என்று சொல்லும் கம்பெனியைவிட, பக்கத்து ஊரில் சர்வீஸ் ஆள் வைத்திருக்கும் கம்பெனிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

சான்றிதழில் ஐ.இ.சி 62619 இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய லித்தியம் பேட்டரிகளின் பாதுகாப்புக்கானது அது. சோலார் பேட்டரிகளுக்கு இந்தியத் தரம் ஐ.எஸ் 16270. எண்ணை வாயால் சொன்னால் போதாது. அந்த மாடலின் பெயர் போட்ட சான்றிதழைக் கேளுங்கள்.

எடை ஒரு நல்ல சாட்சி. 100 ஏ.ஹெச் எல்.எஃப்.பி செல் ஒன்று சுமார் 2 கிலோ. பதினாறு செல்லுக்கே 32 கிலோ ஆகிவிடும். பெட்டி, காவல் சர்க்யூட், காப்பர் பட்டை எல்லாம் சேர்த்து 5 யூனிட் பேட்டரி 40 கிலோவுக்கு மேல் இருப்பதுதான் வழக்கம். முப்பது கிலோ இருந்தால் உள்ளே எழுதிய அளவு இல்லை. மின்வண்டிகளில் ஓடித் தேய்ந்த செல்களைக் கழற்றிப் புதுப் பெட்டியில் போட்டு மலிவாக விற்பதும் சந்தையில் நடக்கிறது. உங்கள் முதல் பேட்டரி அதுவாக இருக்க வேண்டாம்.

பி.எம்.எஸ் என்பது பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட். செல் அளவு மீறி நிறைந்தாலோ, காலியானாலோ, சூடேறினாலோ, அதிகக் கரண்ட் பாய்ந்தாலோ இணைப்பைத் துண்டிக்கும். செல்களைச் சமப்படுத்தும் வேலையும் அதற்குண்டு. அது தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். 3 கிலோவாட் முழு லோடில் 51.2 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 65 ஆம்பியர் வரும். 100 ஆம்பியர் பி.எம்.எஸ் இருந்தால் ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும் நொடியில் துண்டித்துக்கொள்ளாது.

நான்காம் படி: இன்வெர்ட்டரோடு பொருத்தம்

புதிதாக வாங்குகிறவர்கள் 48 வோல்ட் வகை இன்வெர்ட்டரையே எடுங்கள். 3 கிலோவாட்டை 12 வோல்ட்டில் இழுத்தால் 250 ஆம்பியர், அதற்கான ஒயர் விரல் தடிமனில் வேண்டும். 48இல் அது நான்கில் ஒரு பங்கு.

பேட்டரியும் இன்வெர்ட்டரும் பேசிக்கொள்ள ஒரு டேட்டா கேபிள் உண்டு. கேன் அல்லது ஆர்.எஸ்.485 என்பார்கள். இந்த மாடல் பேட்டரி இந்த மாடல் இன்வெர்ட்டரோடு பேசும் என்று கம்பெனியின் பட்டியலில் இருந்தால் அந்த ஜோடியை வாங்குவது நிம்மதி. எவ்வளவு சார்ஜ் ஏற்றலாம், எப்போது நிறுத்தலாம் என்பதை பேட்டரியே சொல்லிவிடும். பேசாத ஜோடியும் வேலை செய்யும், ஆனால் செட்டிங்கை நீங்கள் கையால் வைக்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே 12 வோல்ட் டியூபுலர் (ஈய-அமில) பேட்டரி இன்வெர்ட்டர் இருப்பவர்கள், அதைக் கழற்றிவிட்டு 12.8 வோல்ட் லித்தியம் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். இன்வெர்ட்டரில் லித்தியம் மோடு இருந்தால் வைக்கலாம். இல்லாவிட்டால் சார்ஜ் வோல்டேஜ் 14.4ஐத் தாண்டுகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். டியூபுலருக்கென்று அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் இன்வெர்ட்டர் லித்தியத்துக்கு ஆகாது. பி.எம்.எஸ் ஒவ்வொரு தடவையும் துண்டித்துக் காப்பாற்றும்தான். ஆனால் தினமும் காவலனை அடிவாங்க வைத்து ஓட்டுவது சரியான ஏற்பாடில்லை. ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள்: பழைய டியூபுலரையும் புது லித்தியத்தையும் சேர்த்து இணைப்பது.

ஐந்தாம் படி: இடம்

நம் ஊரில் லித்தியத்துக்கு முதல் எதிரி சூடு. பெரும்பாலான எல்.எஃப்.பி பேட்டரிகளுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது நல்லதல்ல. சித்திரை மாதத்தில் தகரக் கூரை போட்ட மாடிப்படி அறை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். பேனலுக்குப் பக்கம் என்பதற்காக மாடியில் வைப்பது தவறு. பேனல் ஒயர் நீளமாக இருக்கலாம், அதில் வோல்டேஜ் அதிகம், நட்டம் குறைவு. பேட்டரி ஒயர்தான் குட்டையாக இருக்க வேண்டும். ஆகவே கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் அடிக்காத சுவர் ஓரம், காற்று வரும் இடம்.

படுக்கையறை வேண்டாம். வீட்டை விட்டு வெளியேற இருக்கும் ஒரே வழியிலும் வேண்டாம். எல்.எஃப்.பி பாதுகாப்பானது என்றாலும் உள்ளே இருக்கும் திரவம் கெட்டுப்போனால் எரியக்கூடிய வாயு வரும். சமையலறைக்குள்ளும் சம்ப் மோட்டார் அறையிலும் வைக்காதீர்கள். வெள்ளம் வரும் தெருவில் இருப்பவர்கள், இதுவரை தண்ணீர் ஏறிய கோட்டுக்கு மேலே வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்துவிட வேண்டாம். சுவரில் மாட்டுவதென்றால் செங்கல் சுவரில் நல்ல ஆங்கர் போல்ட் போடுங்கள். ஹாலோ பிளாக் சுவர் நாற்பத்தைந்து கிலோவைத் தாங்கும் என்று நம்பாதீர்கள், இரும்பு ஸ்டாண்டே மேல். இன்வெர்ட்டரின் காற்றோட்ட ஓட்டைகளைப் பல்லி புகாதபடி பாருங்கள். சர்க்யூட் போர்டில் பல்லி விழுந்து ஷார்ட் ஆவது நம் வீடுகளில் சகஜம்.

ஆறாம் படி: ஒயர், ஃப்யூஸ், லக்

இதில் நிதானமாகப் படியுங்கள். லித்தியம் வீடுகளில் நான் பார்க்கும் கருகல்களில் பெரும்பாலானவை செல்லில் இல்லை, நட்டு போல்ட்டில்தான்.

மேலே சொன்ன 3 கிலோவாட் லோடுக்கு 25 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், நீளம் இரண்டு மீட்டருக்குள். அலுமினியம் வேண்டாம். பேட்டரியின் பிளஸ் முனைக்கு மிக அருகில் டி.சி ஃப்யூஸ் அல்லது டி.சி பிரேக்கர், 100 அல்லது 125 ஆம்பியரில் இருக்க வேண்டும். வீட்டு போர்டில் இருக்கும் சாதாரண ஏ.சி எம்.சி.பியை இங்கே மாட்டக் கூடாது. ஏ.சி கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொடுவதால், பிரேக்கர் திறக்கும்போது வரும் தீப்பொறி தானாக அணையும். டி.சியில் அந்தப் பூஜ்ஜியம் வராது. பொறி நீண்டு எரிந்து பிரேக்கரையே உருக்கும். டி.சி எம்.சி.பிகளில் பலவற்றுக்குப் பிளஸ், மைனஸ் திசை உண்டு. அதில் எழுதியிருப்பதைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். பி.எம்.எஸ் இருக்கிறதே, ஃப்யூஸ் எதற்கு என்று எலக்ட்ரீஷியன் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பி.எம்.எஸ்ஸில் ஸ்விட்ச் வேலை பார்க்கும் மாஸ்ஃபெட் பழுதாகும்போது பெரும்பாலும் திறந்துகொள்ளாமல் ஒட்டிக்கொள்ளும். அப்போது ஃப்யூஸ் ஒன்றுதான் துணை.

ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனைதான் லக். அதை ஹைட்ராலிக் கிரிம்ப்பிங் கருவியால் அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டுவதும் கட்டிங் பிளேயரால் நசுக்குவதும் ஆகாது. மாட்டும் வரிசை முக்கியம்: லக் நேராகப் பேட்டரியின் முனை மேல் உட்கார வேண்டும். அதன் மேல் வாஷர், பிறகு ஸ்பிரிங் வாஷர், பிறகு நட். முனைக்கும் லக்குக்கும் நடுவில் ஸ்டீல் வாஷரைப் போட்டால் முழுக் கரண்ட்டும் அந்த வாஷர் வழியாகப் போய்ச் சூடாகும். இந்த ஒரு வாஷரால் கருகிய முனைகள் ஏராளம். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது மேனுவலில் இருக்கும், டார்க் ஸ்பேனர் வைத்து அந்த அளவுக்கு இறுக்குங்கள்.

பேட்டரியின் உலோகப் பெட்டிக்கும் இன்வெர்ட்டருக்கும் எர்த் கொடுங்கள். பேனலிலிருந்து வரும் லைனில் இடி, மின்னலின் அதிக வோல்டேஜைத் தடுக்கும் எஸ்.பி.டி இல்லாவிட்டால் எல்லாம் கருக ஓர் இடி போதும்.

இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் ஏ.சி கரண்ட் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. பேட்டரியில் ஓட வேண்டிய லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் சர்க்யூட்களைப் பிரித்துத் தனி போர்டு போட வேண்டும். ஃபேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டால் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி ஸ்விட்ச் காரணமே தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். நியூட்ரலையும் சேர்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் இது ஒரு நாள் வேலை, அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தாதீர்கள்.

ஏழாம் படி: இணைக்கும் வரிசை

பேட்டரி 60 வோல்ட்டுக்குள் இருப்பதால் தொட்டால் ஷாக் அவ்வளவாகத் தெரியாது. அந்தத் தைரியம்தான் ஆபத்து. ஒரு ஸ்பேனர் பிளஸ், மைனஸ் இரண்டையும் தொட்டுவிட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மோதிரம், வளையல், இரும்புப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்பேனர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

எல்லா பிரேக்கரும் ஆஃப். மல்டிமீட்டர் வைத்துப் பிளஸ், மைனஸ் பார்த்து உறுதி செய்யுங்கள். தலைகீழாக மாட்டினால் பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் அந்த நொடியே போய்விடும், வாரண்டியும் கிடைக்காது. பெரும்பாலான மேனுவல்களில் வரிசை ஒன்றுதான்: முதலில் பேட்டரி, அது எழுந்து வோல்டேஜ் காட்டிய பிறகு பேனல், பிறகு மின்வாரிய லைன், கடைசியில் வீட்டு லோடு. கழற்றும்போது இதன் தலைகீழ்.

பேட்டரியை முதல் தடவை இணைக்கும்போது "பட்" என்று பெரிய பொறி வரலாம், பி.எம்.எஸ் துண்டித்துக்கொள்ளவும் செய்யலாம். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் காலி கபாசிட்டர்கள் ஒரே நொடியில் நிரம்பப் பார்ப்பதுதான் காரணம். பல பேட்டரிகளில் இதைத் தடுக்கும் ப்ரீசார்ஜ் வசதி உள்ளேயே இருக்கிறது. இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியன் ஒரு பழைய குண்டு பல்பையோ தகுந்த ரெசிஸ்டரையோ சில விநாடி நடுவில் வைத்து மெதுவாக நிரப்பிவிட்டு நேர் இணைப்பைக் கொடுப்பார்.

எட்டாம் படி: செட்டிங்

பெட்டிக்குள் வந்த மேனுவல்தான் இறுதி. அது கைக்குக் கிடைக்காதபோதும், வந்தவர் "எல்லாம் போட்டாச்சு சார்" என்று சொல்லும்போதும் சரிபார்க்க இந்த எண்கள் உதவும். பதினாறு செல் எல்.எஃப்.பிக்கு முழு சார்ஜ் 56 வோல்ட், நிறைந்த பிறகு தக்கவைக்கும் ஃப்ளோட் 54, குறைந்தபட்ச கட்-ஆஃப் 48. பதினைந்து செல் என்றால் இவை 52.5, 50.6, 45. எட்டு செல்லுக்கு 28, 27, 24. செல்லுக்கு 3.65 வோல்ட் வரை, அதாவது பதினாறு செல்லுக்கு 58.4 வரை ஏற்றலாம் என்று லேபிளில் இருக்கும். அது எல்லை. தினமும் எல்லை வரை போக வேண்டிய அவசியமில்லை. 3.5இலேயே பேட்டரி ஏறக்குறைய முழுசாக நிறைந்துவிடும், செல்லும் அதிகம் களைக்காது.

சார்ஜ் கரண்ட்டை ஏ.ஹெச்சில் பாதிக்குள் வையுங்கள்: 100 ஏ.ஹெச்சுக்கு 50 ஆம்பியர். 30, 40 இருந்தால் இன்னும் நல்லது. ஈக்வலைசேஷன் என்ற செட்டிங்கைக் கட்டாயம் ஆஃப் செய்யுங்கள். அது ஈய-அமிலப் பேட்டரியைக் கொதிக்க வைத்துச் சரிசெய்ய வந்தது. வெப்பநிலைக்கேற்ப வோல்டேஜை மாற்றும் செட்டிங் இருந்தால் அதையும் பூஜ்ஜியம் ஆக்குங்கள்.

மின்வாரிய லைனுக்கு எப்போது மாற வேண்டும் என்று ஒரு வோல்ட் கேட்கும். இதில் தான் டியூபுலர் அனுபவம் தடம் மாற்றிவிடுகிறது. எல்.எஃப்.பி பேட்டரியில் எண்பது சதவீதத்திலும் முப்பது சதவீதத்திலும் வோல்டேஜில் பெரிய வித்தியாசம் இருக்காது, நடுவில் ஏறக்குறைய சமதளமாக ஓடி, கடைசி பத்து சதவீதத்தில் சடாரென்று சரியும். வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. டேட்டா கேபிள் மூலம் சதவீதத்தைப் படிக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்: புயல் எச்சரிக்கை நாட்களில் 50 சதவீதத்தில் லைனுக்கு மாறட்டும், மற்ற நாட்களில் 20. வோல்ட் மட்டுமே வைக்க முடியும் என்றால் பதினாறு செல்லுக்கு 51இல் தொடங்கி, லோடுக்கு ஏற்றபடி ஓரிரு வாரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்

முதல் நாள் நூறு சதவீதம் வரை ஏற்றி, அப்படியே சில மணி நேரம் விடுங்கள். செல்களைச் சமப்படுத்தும் வேலை பெரும்பாலும் சார்ஜின் உச்சியில்தான் நடக்கிறது, அதுவும் மெதுவாக. பேட்டரிக்கான மொபைல் ஆப் இருந்தால் அதில் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் தெரியும். லோடு இல்லாதபோது, பாதி சார்ஜில், செல்களுக்குள் வித்தியாசம் 20, 30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. உச்சியில் கூடுதலாகத் தெரிந்தால் பதறாதீர்கள், சில நாட்களில் இறங்கும். ஒரு செல் மட்டும் எப்போதும் தனியாக விலகி நின்றால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்புங்கள். வாரண்டியின் ஆரம்பத்திலேயே பேசிவிடுவது எளிது.

கொள்ளளவையும் ஒரு தடவை சோதியுங்கள். முழுசாக நிரப்பிவிட்டு, பேனலையும் லைனையும் ஆஃப் செய்து, ஒரே அளவு லோடு கொடுத்து ஓட விடுங்கள். 500 வாட் லோடில் 5.12 யூனிட் பேட்டரி, நட்டம் போக ஒன்பது மணி நேரத்தை ஒட்டி ஓட வேண்டும். ஆறு மணி நேரத்தில் படுத்தால் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதே சமயத்தில் ஒரு மணி நேரம் ஓடியதும் லக், ஃப்யூஸ், பிரேக்கர் அருகே ஒயரின் உறை மேல் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே ஆஃப் செய்து அந்த இணைப்பைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது பேட்டரி சேர்க்கும்போது

ஒரு வருஷம் கழித்து இன்னொன்று வாங்கலாம் என்று நினைப்பவர்கள் அதே கம்பெனி, அதே மாடல் வாங்குங்கள். இணைப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக முழுசாக நிரப்பி வோல்டேஜைச் சமமாக்க வேண்டும். நிறைந்த மேல்தொட்டிக்கும் காலித் தொட்டிக்கும் நடுவில் பெரிய பைப்பைச் சட்டென்று திறந்தால் தண்ணீர் எப்படிப் பாயுமோ அப்படிக் கரண்ட் பாயும், பி.எம்.எஸ் துண்டிக்கும். ஒயர்கள் ஒரே நீளம், ஒரே தடிமன். இன்வெர்ட்டருக்குப் போகும் பிளஸை முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸை இரண்டாவதிலிருந்தும் எடுத்தால் இரண்டும் சமமாக உழைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ்.

பிறகு

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை இல்லை என்பதால் பலர் பேட்டரியை மறந்தே விடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது நூறு சதவீதம் நிறையட்டும், சதவீதக் கணக்கு சரியாக இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, கோடை தொடங்கும் முன், எல்லாவற்றையும் ஆஃப் செய்து நட்டுகளைச் சரிபாருங்கள். ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் காலியாக விட்டுப் போகாதீர்கள். காலிப் பேட்டரியையும் பி.எம்.எஸ் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும், மாதங்கள் கழித்து வந்தால் செல்லே எழாமல் போகலாம். பாதி சார்ஜில் பேட்டரியின் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டுப் போங்கள்.

பெட்டி உப்பியிருந்தாலோ, இனிப்பும் ரசாயனமும் கலந்த வாசனை வந்தாலோ, வெள்ளநீர் உள்ளே போயிருந்தாலோ திரும்ப ஆன் செய்யக் கூடாது. காய வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். முடிந்தால் பிரேக்கரை ஆஃப் செய்து, சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். புகை வந்தால் எல்லோரும் வெளியே வந்துவிட்டு 101 அல்லது 112க்கு அழைத்து, லித்தியம் பேட்டரி என்று மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் வைத்திருக்கும் பவுடர் தீயணைப்பு சிலிண்டர் சுவாலையை அடக்கலாம், செல்லுக்குள் இருக்கும் சூட்டைத் தணிக்காது.

பழைய டியூபுலர் பேட்டரியைக் கொடுக்கும்போது அதன் ஈயத்துக்கு விலை உண்டு, பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆயுள் முடிந்த லித்தியத்தைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அங்கே உடைத்துப் பிரிக்கும் பையனின் கையில்தான் அது தீப்பிடிக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி திரும்ப எடுத்துக்கொண்டு மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. பில், வாரண்டி அட்டை, சீரியல் எண், செட்டிங் திரை ஆகிய நான்கையும் மாட்டிய அன்றே போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துவிடுங்கள். வாரண்டிக்குப் போனாலும், பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுக்கப் போனாலும் முதலில் கேட்பது அவற்றைத்தான்.